பக்கத்து வீட்டுக் குழந்தையின் அளவு உங்கள் பேத்திக்குப் பொருந்தாது

வாசகர் கேள்வி:

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டக் குடியிருப்பில் இருக்கிறோம். என் மகளுக்கு 30 வாரத்திலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது. பிறந்தபோது எடை 1.28 கிலோ. ஈப்போவில் பெரிய மருத்துவமனையில் ஆறு வாரம் வைத்திருந்து, 1.95 கிலோ ஆனதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது 16 வாரம் ஆகிறது, எடை 3.7 கிலோ. 98 நாள் பிரசவ விடுப்பு முடிந்து மகள் தொழிற்சாலை வேலைக்குத் திரும்பிவிட்டதால் பகலில் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தாய்ப்பாலுடன் ஒரு நாளைக்கு இரண்டு வேளை மட்டும் குறைமாதக் குழந்தைக்கான பால்மாவு கொடுக்கச் சொல்லி, இரும்புச்சத்துச் சொட்டும் வைட்டமின் சொட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையும் 35 வாரத்தில் பிறந்த குறைமாதம்தான். வெறும் கடைப் பால்மாவிலேயே ஐந்து மாதத்தில் கொழுகொழுவென்று இருக்கிறது. ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக் கெட்டியாகக் கலக்கினால் எடை ஏறும் என்று அந்தத் தாய் சொல்கிறார். என் மகளின் பால் தண்ணீர் போல இருக்கிறது. இரும்புச்சத்துச் சொட்டு கொடுத்தால் மலம் கறுப்பாகப் போகிறது என்பதால் ஒரு வாரமாக நிறுத்தி வைத்திருக்கிறேன். சம்பந்தியம்மா வசம்பு உரைத்துக் கொடுக்கவும், நான்கு மாதம் ஆகப்போவதால் கஞ்சி தொடங்கவும் சொல்கிறார். எதைச் செய்வது, எதை விடுவது என்று தெரியவில்லை.

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

எத்தனை வாரத்தில் பிறந்தாள், என்ன எடையில் பிறந்தாள், எந்த எடையில் வீட்டுக்கு வந்தாள், இன்று எவ்வளவு இருக்கிறாள் என்று நான்கையும் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். குறைமாதக் குழந்தைக்கு எதைக் கொடுக்க வேண்டும், எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற கணக்கு இவற்றிலிருந்துதான் தொடங்குகிறது. இந்த விவரங்களை வைத்துப் பார்க்கும்போது, மருத்துவமனையில் உங்களுக்கு எழுதிக் கொடுத்தது உங்கள் பேத்திக்கென்றே அளந்து எழுதப்பட்டது என்பதும், பக்கத்து வீட்டு வழக்கத்தைப் பார்த்து அதை மாற்றக் கூடாது என்பதும் எனக்கு உறுதியாகத் தெரிகிறது. ஏன் என்பதை விளக்கிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன்.

37 வாரம் நிறைவதற்கு முன் பிறக்கும் எல்லாக் குழந்தைகளையும் குறைமாதக் குழந்தை என்றே சொல்கிறோம். ஆனால் 35 வாரத்துக் குழந்தையும் 30 வாரத்துக் குழந்தையும் ஒரே நிலையில் பிறந்தவர்கள் அல்லர். தாயின் வயிற்றில் கடைசி மூன்று மாதங்களில்தான் குழந்தை தன் உடம்புக்கு வேண்டிய சேமிப்பில் பெரும்பங்கைச் செய்துகொள்கிறது. பிறக்கும்போது எலும்பில் இருக்க வேண்டிய சுண்ணாம்புச் சத்திலும் பாஸ்பரஸிலும் ஏறத்தாழ 80 விழுக்காடு இந்தக் காலத்தில்தான் சேர்கிறது. பிறந்த பிறகு பல மாதங்களுக்கு இரத்தம் ஊறுவதற்கான இரும்புச்சத்தும், தோலுக்கடியில் இருந்து உடம்பின் சூட்டைக் காக்கும் கொழுப்பும், மூளையும் கண்ணும் வளரத் தேவையான டிஎச்ஏ என்னும் கொழுப்பு அமிலமும் அப்படியே. பக்கத்து வீட்டுக் குழந்தை இந்தச் சேமிப்பில் கடைசி ஐந்து வாரத்தை இழந்தது; உங்கள் பேத்தி பத்து வாரத்தை இழந்திருக்கிறாள். அதிலும் உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் மூன்றையும் ஒன்றோடொன்று இசைய வைக்கும் திறன் 32 முதல் 34 வாரத்தை ஒட்டித்தான் ஒரு குழந்தைக்கு வருகிறது என்பதால், 35 வாரத்துக் குழந்தை பிறந்த சில நாளிலேயே வாயால் குடித்திருக்கக்கூடும்; உங்கள் பேத்தியோ முதல் சில வாரங்கள் மூக்கு வழியாக விட்ட குழாயில்தான் பால் குடித்திருப்பாள்.

வாரக் கணக்கு மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. ஒரே 30 வாரத்தில் பிறந்த இரண்டு குழந்தைகளில் ஒன்று அந்த வாரத்துக்குரிய எடையோடும், மற்றொன்று வயிற்றுக்குள்ளேயே வளர்ச்சி குன்றியும் பிறந்திருக்கலாம். ஒன்றுக்கு இரத்தம் ஏற்றியிருப்பார்கள். அதன் வழியாக இரும்புச்சத்தும் உடம்புக்குள் போயிருக்கும். மற்றதற்கு ஏற்றியிருக்க மாட்டார்கள். ஒன்று நெடுநாள் மூச்சுக் கருவியில் இருந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் கூடுதல் ஆற்றலைச் செலவழித்துக்கொண்டிருக்கும். ஒரே பிரசவத்தில் பிறந்த இரட்டையருக்கே வேறு வேறு அளவு எழுத வேண்டியிருப்பது எங்கள் பணியில் வழக்கமான ஒன்று. அப்படியிருக்க, வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் குழந்தையின் போத்தலைப் பார்த்து இந்தக் குழந்தையின் போத்தலை நிரப்புவது எப்படிச் சரியாகும்?

இனி உங்கள் பேத்தியின் வளர்ச்சிக்கு வருகிறேன். குறைமாதக் குழந்தையை எடைபோடும்போது பிறந்த நாளிலிருந்து எண்ணும் வயதை மட்டும் பார்க்கக் கூடாது. 40 வாரத்துக்கு எத்தனை வாரம் முன்னதாகப் பிறந்ததோ அத்தனை வாரத்தைக் கழித்து, திருத்திய வயது என்று ஒன்றைக் கணக்கிடுகிறோம். இரண்டு வயது வரை இந்தக் கணக்கைத்தான் வளர்ச்சிக்குப் பயன்படுத்துகிறோம். பேத்திக்கு 16 வாரம் ஆகிறது, பத்து வாரம் முன்னதாகப் பிறந்தாள், ஆகவே அவளுடைய திருத்திய வயது ஆறு வாரம். வீட்டுக்கு வந்ததிலிருந்து பத்து வாரத்தில் 1.75 கிலோ கூடியிருக்கிறாள். நாளொன்றுக்கு 25 கிராம். இந்தக் கட்டத்தில் நாங்கள் எதிர்பார்ப்பது நாளுக்கு 20 முதல் 30 கிராம் என்பதால் இது நல்ல வளர்ச்சி. அதே வயதுடைய குழந்தைகளின் வரிசையில் அவள் இன்னும் கீழ்ப்பகுதியில்தான் இருக்கிறாள் என்பதும் உண்மை. அதனால்தான் தாய்ப்பாலோடு கூடுதல் சத்து வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். கிளினிக்கில் எடையோடு நீளத்தையும் தலைச் சுற்றளவையும் அளக்கிறார்களா என்று கவனியுங்கள். மூன்றும் சேர்ந்து ஏறுவதே வளர்ச்சி. எடை மட்டும் ஏறி நீளமும் தலையும் பின்தங்கினால் அது சதை போடுவதே தவிர வளர்வது ஆகாது. கொழுகொழுவென்று ஆக வேண்டும் என்று அவசரப்பட்டு ஊட்டி, எடை மிதமிஞ்சி ஏறிய குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் உடல் பருமனும் இரத்த அழுத்தமும் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதையும் நாங்கள் கவலையோடு பார்க்கிறோம்.

மகளின் பால் தண்ணீர் போல இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வார்த்தையை அந்தப் பெண்ணின் காதில் விழும்படி யாரும் சொல்ல வேண்டாம் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். தொழிற்சாலையில் நின்று வேலை பார்த்துவிட்டு, இடைவேளையில் ஒரு மூலையில் அமர்ந்து பம்ப் வைத்துப் பால் எடுத்துக்கொண்டு வரும் தாய்க்கு இதைவிட மனத்தைத் தளரச் செய்யும் சொல் வேறில்லை. உண்மையும் அது அல்ல. தாய்ப்பாலில் முதலில் வரும் பகுதி இயல்பாகவே நீர்த்து, சற்று நீலம் பாய்ந்தது போலத் தெரியும். மார்பு காலியாகக் காலியாக வரும் பாலில் கொழுப்பு கூடும். குளிர்பதனப் பெட்டியில் வைத்த போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேலே ஒரு விரல் கனத்துக்கு மஞ்சள் கலந்த வெண்மையில் ஆடை போல ஒன்று மிதக்கும், கொஞ்சம் போத்தலின் சுவரிலும் ஒட்டியிருக்கும். பாலின் கொழுப்பு அதுதான். அதைக் கலக்காமல் கீழே இருப்பதை மட்டும் வேறு போத்தலுக்கு ஊற்றினால் குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய ஆற்றலில் ஒரு பங்கு சுவரோடு தங்கிவிடும். ஆகவே வெதுவெதுப்பான நீரில் போத்தலைச் சற்று நேரம் நிற்க வைத்து, கையில் மெல்லச் சுழற்றி, ஒட்டியிருப்பது பாலில் இறங்கிய பிறகு கொடுங்கள். மைக்ரோவேவில் சூடாக்க வேண்டாம். ஓரிடம் கொதிக்க, ஓரிடம் குளிர்ந்தே இருக்கும்.

தாய்ப்பால் இவ்வளவு நல்லதென்றால் பால்மாவு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நூறு மில்லிலிட்டர் தாய்ப்பாலில் ஏறத்தாழ 67 கலோரியும் ஒரு கிராம் அளவுக்குப் புரதமும் உண்டு. 1.28 கிலோவில் பிறந்த குழந்தைக்கு, வயிற்றுக்குள் வளர்ந்திருக்கும் வேகத்திலேயே வளர, ஒவ்வொரு கிலோ எடைக்கும் நாளொன்றுக்கு மூன்றரை முதல் நான்கு கிராம் புரதம் தேவை. ஒரு கிலோவுக்கு 160 மில்லிலிட்டர் பால் கொடுத்தாலும் தாய்ப்பாலிலிருந்து கிடைப்பது அதில் பாதி அளவே. குறைமாதத்தில் பெற்ற தாயின் பாலில் முதல் வாரங்களில் புரதம் சற்றுக் கூடுதலாகவே இருக்கும் என்றாலும் அது நாளாக நாளாகக் குறைந்துவிடும். பாலின் அளவைக் கூட்டி ஈடுகட்டலாம் என்றால் அந்தச் சிறு வயிறும் நுரையீரலும் அவ்வளவு நீரைத் தாங்காது. ஆகவேதான் மருத்துவமனையில் இருக்கும்போது தாய்ப்பாலிலேயே சத்துத்தூளைக் கலந்து கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அதே வேலையை அந்த இரண்டு வேளைப் பால்மாவு செய்கிறது. அது கடையில் எல்லாக் குழந்தைகளுக்கும் விற்கும் பால்மாவு அல்ல. தாய்ப்பாலைக் காட்டிலும் ஏறத்தாழ இரண்டு மடங்கு புரதமும், எலும்புக்கு வேண்டிய தாதுக்கள் கூடுதலாகவும் சேர்த்துச் செய்தது.

அப்படியானால் எல்லா வேளையும் அதையே கொடுத்துவிடலாமே என்றால், அதுவும் வேண்டாம். குறைமாதக் குழந்தையின் குடல் சுவர் மிகவும் மெல்லியது. குடல் சுவரே அழுகிப்போகும் கொடிய அழற்சி நோய் ஒன்று குறைமாதக் குழந்தைகளைத்தான் பெரும்பாலும் தாக்குகிறது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு அது குறைவாகவே வருகிறது என்பது பல ஆண்டுகளாக உறுதிப்பட்ட உண்மை. பேத்தி அந்த ஆபத்தான வாரங்களைப் பெரும்பாலும் கடந்துவிட்டாள் என்றாலும், தொற்றுகளை எதிர்க்கும் காப்புப் பொருள்களை இன்றும் அவளுக்குத் தருவது தாய்ப்பால்தான். அவற்றை எந்த டின்னிலும் அடைக்க முடியாது. உலகச் சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட குறைமாதக் குழந்தைப் பராமரிப்புப் பரிந்துரைகளிலும் தாயின் சொந்தப் பாலுக்கே முதலிடம். ஆகவே ஆறு வேளை தாய்ப்பால், இரண்டு வேளை அந்தப் பால்மாவு என்பது போன்ற ஏற்பாடு இரண்டின் நன்மையையும் குழந்தைக்குச் சேர்க்கிறது. எப்போது நிறுத்துவது என்பதை அவளுடைய வளர்ச்சிக் கோட்டைப் பார்த்து மருத்துவர்தான் சொல்வார். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் குறைத்துக் கொடுக்காமல், அரசு மருத்துவமனையின் மருத்துவச் சமூகநலப் பிரிவில் உதவி கேட்டுப் பாருங்கள். கேட்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

ஒரு கரண்டி கூடுதலாகப் போடும் யோசனையைத் தயவுசெய்து கைவிட்டுவிடுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கலங்கவைத்தது இதுதான். பால்மாவின் கரண்டிக் கணக்கில் புரதத்துக்கும் உப்புகளுக்கும் எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பது அடங்கியிருக்கிறது. தண்ணீரைக் கூட்டாமல் மாவை மட்டும் கூட்டினால், அவ்வளவு உப்பையும் கழிவையும் வெளியேற்ற குழந்தையின் சிறுநீரகம் உடம்பில் உள்ள நீரையே இழுத்துச் செலவழிக்கும். நம் ஊர் வெக்கையில், லேசான வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டால், இரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வரை போகக்கூடும். பக்கத்து வீட்டுத் தாயிடமும் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். அந்தக் குழந்தைக்கும் இது நல்லதல்ல. டின்னில் எழுதியிருக்கும் அளவுப்படி, கரண்டியைக் கத்தியின் பின்புறத்தால் வழித்துச் சமன்செய்து, முதலில் தண்ணீரையும் பிறகு மாவையும் போடுங்கள்.

கலக்கும் தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பால்மாவு கிருமி நீக்கிய பொருள் அல்ல. அரிதாக, குறைமாதக் குழந்தைக்கு உயிராபத்து விளைவிக்கும் கிருமி அதில் இருக்கலாம். 70 பாகை செல்சியசுக்குக் குறையாத வெந்நீரில் கலந்தால்தான் அது சாகும். காலையில் கொதிக்கவைத்து தெர்மாஸில் ஊற்றி மாலை வரை அதிலிருந்தே பால் கலக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. மதியத்துக்குள் அந்த நீர் கையில் சுட்டாலும் 70 பாகைக்குக் கீழே போயிருக்கலாம். அந்த இரண்டு வேளைக்கு மட்டும் புதிதாகக் கொதிக்கவைத்து, அரைமணி நேரத்துக்குள் மாவைக் கலந்து, போத்தலின் வெளிப்புறத்தைக் குழாய்த் தண்ணீரில் காட்டி ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். குடித்தது போக மீதியை அடுத்த வேளைக்கு எடுத்துவைக்க வேண்டாம்.

இரும்புச்சத்துச் சொட்டை நிறுத்தியதில் உங்கள் எண்ணம் நல்லதுதான். மலம் கறுத்தால் எந்தப் பாட்டிக்கும் பயம் வரும். ஆனால் அந்தச் சொட்டு கொடுக்கும்போது மலம் கரும்பச்சையாகவோ கறுப்பாகவோ போவது எதிர்பார்ப்பதுதான். உடம்பு எடுத்துக்கொண்டது போக மீதி இரும்பு வெளியேறுவதால் வரும் நிறம் அது. தாரைப் போல ஒட்டிக்கொண்டு பளபளப்பாகவும் துர்நாற்றத்தோடும் போனாலோ, சிவப்பாக இரத்தம் தெரிந்தாலோ அது வேறு. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பத்து வார இரும்புச் சேமிப்பு இல்லாமல் பிறந்தவளுக்கு, இருந்த கொஞ்சமும் வேகமாக வளரும் உடம்பில் சீக்கிரம் தீர்ந்துவிடும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. மூளை வேகமாக வளரும் இந்த மாதங்களில் இரும்பு குறைந்தால், பிறகு கொடுத்து இரத்தத்தைச் சரிசெய்துவிடலாம். மூளை வளர்ச்சியில் ஏற்பட்ட பின்னடைவை முழுவதும் மீட்க முடியும் என்று உறுதி கூற முடியாது. ஆகவே இன்றே கிளினிக்குக்கு அழைத்து, ஒரு வாரம் விட்டுவிட்டோம் என்று மறைக்காமல் சொல்லி, மீண்டும் தொடங்குங்கள். விட்ட நாள்களுக்கு ஈடாகக் கூட்டிக் கொடுத்துவிடாதீர்கள். இரும்பு அளவு மீறினால் நஞ்சு. இன்னொன்றும் கேளுங்கள். இந்தச் சொட்டின் அளவு எடையை வைத்துக் கணக்கிடப்படுவது, பொதுவாக ஒரு கிலோவுக்கு நாளுக்கு 2 முதல் 4 மில்லிகிராம். 1.95 கிலோவில் எழுதிக் கொடுத்த அளவு 3.7 கிலோவுக்குப் போதாமல் போயிருக்கலாம். பால்மாவில் ஏற்கெனவே இருக்கும் இரும்பையும், மருத்துவமனையில் இரத்தம் ஏற்றியிருந்தால் அதையும் பார்த்துத்தான் புதிய அளவை எழுதுவார்கள்.

வைட்டமின் சொட்டில் இருப்பதில் முக்கியமானது வைட்டமின் டி. காலை வெயிலில் காட்டினால் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். போதாது. எலும்பில் சுண்ணாம்பு சேராமல் பிறந்த குழந்தைக்கு, எவ்வளவு கிடைக்கும் என்று அளக்க முடியாத வெயிலை நம்பியிருக்கக் கூடாது. சொட்டையும் விடாமல் கொடுங்கள்.

இனி பால் கொடுக்கும் முறை. பகலில் போத்தல் பிடிப்பவர் நீங்கள் என்பதால், மருந்தைவிட இதில் உங்கள் கை அதிகம் உதவும். போத்தலை வாயில் வைத்ததும் பேத்தியின் முகத்தைப் பாருங்கள். நான்கைந்து முறை உறிஞ்சி விழுங்கிவிட்டு மூச்சுக்காக அவளே சற்று நிறுத்த வேண்டும். நிறுத்த முடியாமல் பால் வந்துகொண்டே இருந்தால் புருவம் உயரும், விரல்கள் விறைத்து விரியும், வாயோரத்தில் பால் வழியும். அவள் பசியோடு வேகமாகக் குடிப்பதாக நாம் நினைப்போம். உண்மையில் மூச்சுத் திணறலைத் தவிர்க்கத்தான் அவள் அவசரமாக விழுங்குகிறாள். உடனே போத்தலைத் தாழ்த்தி, ரப்பர் வாயிலேயே இருக்கும்படி, பால் மட்டும் பின்னுக்கு வடியும் வகையில் பிடித்து, மூச்சு சீரானதும் மீண்டும் உயர்த்துங்கள். மெதுவாகப் பால் வரும் சிறு துளை ரப்பரையே வாங்குங்கள். பெரிதாக்க ஊசியைச் சூடாக்கிக் குத்தும் பழைய வழக்கம் வேண்டாம். மல்லாக்கப் படுக்கவைக்காமல், மடியில் ஒருக்களித்துத் தலை சற்று உயர்ந்திருக்கும்படி வைத்துக் கொடுப்பது இவளைப் போன்ற குழந்தைகளுக்கு எளிது. ஒரு வேளைக்கு அரைமணி நேரத்துக்கு மேல் இழுத்தால் குடித்துப் பெறும் ஆற்றலைக் குடிப்பதிலேயே செலவழிக்கிறாள் என்று பொருள். அதை கிளினிக் தாதியான மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். அளவைப் பொறுத்தவரை, இந்த எடைக்கு நாள் முழுவதும் சேர்த்து ஏறக்குறைய 550 முதல் 660 மில்லிலிட்டர் குடிப்பாள். எட்டு வேளை என்றால் வேளைக்கு 70 முதல் 80. ஒரு வேளை குறைந்து மறுவேளை கூடினால் கவலை வேண்டாம்.

மகளின் பால் குறையாமல் இருக்க, சாப்பாட்டைவிட முக்கியமானது பாலை அடிக்கடி வெளியே எடுப்பது. வேலையில் இருக்கும்போது மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையாவது எடுக்க மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்கச் சொல்லுங்கள். ஐஸ்கட்டி வைத்த பையில் கொண்டுவந்து, நாள் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் உட்புறத்தில் வைத்து, மூன்று நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். வீடு திரும்பியதும் குளித்துவிட்டு, குழந்தையைச் சட்டையில்லாமல் மார்போடு அணைத்து வைத்திருந்து நேரடியாகப் பால் கொடுக்கட்டும். இரவிலும் ஒருமுறையாவது கொடுக்கட்டும், பால் சுரக்கவைக்கும் ஹார்மோன் இரவில்தான் கூடுதலாக ஊறும். பூண்டு, முருங்கைக்கீரை எல்லாம் தாராளமாகக் கொடுங்கள், அவளுக்கே அது நல்ல சாப்பாடு. பத்தியம் என்று தண்ணீரையும் காய்கறியையும் பழத்தையும் குறைக்காமல் இருந்தால் சரி.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் வளர்த்த பிள்ளைகளுக்கு வசம்பு உரைத்துக் கொடுத்து நன்றாகவே இருந்திருப்பார்கள். அந்த அனுபவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவை நிறைமாதப் பிள்ளைகள். உரைகல்லிலும் விரலிலும் இருக்கும் கிருமியைத் தாங்கும் குடல் இவளுக்கு இன்னும் வரவில்லை. வசம்பு, உரை மருந்து, ஓமத் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், பார்லித் தண்ணீர், வெறும் தண்ணீர் எதுவும் இப்போது வேண்டாம். இவற்றுக்கு வயிற்றில் கொடுக்கும் இடம் பாலுக்கு உரியது. தேன் ஒரு வயது வரை எந்தக் குழந்தைக்கும் ஆகாது. இனிப்புக் கெட்டிப் பால் எந்த வயதிலும் குழந்தைப் பாலுக்கு மாற்று ஆகாது.

கஞ்சியைப் பற்றி. பிறந்த நாளிலிருந்து நான்கு மாதம் ஆகப்போகிறது என்பது சரி. அவளுடைய உடம்புக்கு இப்போது ஆறு வாரம்தான். கழுத்து உறுதியாக நிற்பது, தாங்கிப் பிடித்தால் உட்காருவது, கரண்டி வைத்தால் நாக்கு அதை வெளியே தள்ளாமல் இருப்பது என்ற அடையாளங்கள் தெரியும்போது, திருத்திய வயது ஆறு மாதத்தை ஒட்டித் தொடங்கலாம். எப்படியானாலும் திருத்திய வயது நான்கு மாதம் நிறைவதற்குள் வேண்டாம். பிறந்த கணக்கில் அவளுக்கு ஆறு மாதம் ஆகும்போதுகூடத் திருத்திய வயது நான்கு மாதத்தைத் தொட்டிருக்காது. சரியான நாளை அப்போதைய பரிசோதனையில் முடிவுசெய்யுங்கள். தொடங்கும்போது, வடித்த தண்ணீர்க் கஞ்சி வயிற்றை நிரப்புமே தவிர வளர்க்காது என்பதால், குழைத்த சோற்றோடு நன்கு வேகவைத்த பருப்பு, முழுவதும் வெந்த முட்டையின் மஞ்சள் கரு, முள் நீக்கிய மீன், ஒரு துளி எண்ணெய் என்று கெட்டியாகவும் சத்தாகவும் கொடுக்க வேண்டும். சுவைக்காகக் காய்ந்த நெத்திலியை வறுத்துப் பொடித்துக் கஞ்சியில் தூவும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அதில் உப்பு மிகுதி, ஒரு வயது வரை தவிர்த்துவிடுங்கள்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது சொட்டு மருந்துப் புட்டிகளையும் பால்மாவு டின்னையும் கையோடு கொண்டுபோங்கள். அதற்கு முந்தைய மூன்று நாள் அவள் குடித்த அளவை ஒரு தாளில் எழுதி வையுங்கள். இரத்தத்தில் இரும்பையும், எலும்புக்கு வேண்டிய பாஸ்பரஸையும் கடைசியாக எப்போது பார்த்தார்கள், மறுபடி எப்போது பார்ப்பார்கள் என்று கேளுங்கள். இதற்கிடையில் பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலோ, வயிறு உப்பி இறுகினாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, ஒரு நாளில் நனையும் டயப்பர் ஆறுக்குக் குறைந்தாலோ, பால் குடிக்கும்போது உதடு நீலம் பாய்ந்தாலோ, எழுப்பியும் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ கிளினிக் திறக்கும் வரை காத்திருக்க வேண்டாம். நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள். 30 வாரத்தில் பிறந்தவள் என்பதை அங்கே முதலில் சொல்லி, சுகாதாரப் பதிவுப் புத்தகத்தையும் ஈப்போவில் கொடுத்த டிஸ்சார்ஜ் கடிதத்தையும் காட்டுங்கள்.